நொதிக்கும் பீருக்கு ஒரு குளிர்ப்பெட்டி

சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களும் லைசென்ஸ் பெற வேண்டும் என்றிருந்த பழைய விதியை 1963-ஆம் வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தில் பிரிட்டிஷ் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் நீக்கியது முதல், இங்கிலாந்தில் சமையலறைகளிலும் கார் ஷெட்டுகளிலும் அது பிரியமான பொழுதுபோக்காக வளர்ந்து வந்திருக்கிறது. புதிதாக அதில் இறங்குகிறவர்கள் மால்ட்டையும் ஹாப்ஸையும் தேர்ந்தெடுப்பதிலேயே சிரத்தை கொள்கிறார்கள். ஆனால் ருசியை நிர்ணயிப்பதில் அவற்றுக்குச் சற்றும் குறையாத அதிகாரம் உஷ்ணத்துக்கு உண்டு.

ஏல் வகைப் பீரின் ஈஸ்ட் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரி செல்ஸியஸிலும், லாகர் வகையின் ஈஸ்ட் 8 முதல் 13 டிகிரியிலும் செவ்வனே வேலை செய்யும். உஷ்ணம் மிஞ்சினால் வேண்டாத பழவாசனையும், தொண்டையைக் காந்தும் கனமான ஆல்கஹால்களும் உண்டாகும். நொதித்தலே உஷ்ணத்தைப் பிறப்பிப்பதால், முதல் இரண்டு மூன்று நாட்களில் பாத்திரத்தின் உட்புறம் அறையைவிடச் சில டிகிரி சூடாகவே இருக்கும். இந்தத் தொல்லையை அனுபவத்தில் கண்டுதான் பவேரியாவில் 1553-இல், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சலாகாது என்று தடை விதித்தார்கள். கார்ல் வான் லிண்டேயின் குளிர்விக்கும் இயந்திரம் 1870-களில் மியூனிக் நகரத்து ஸ்பாட்டன் மதுவாலையில் பரீட்சிக்கப்பட்டதும் இதே காரணத்தினால்தான்.

வீட்டில் இதே வேலைக்குப் பாத்திரத்தை ஒரு குளிர்ப்பெட்டிக்குள் வைக்கலாம். ஆனால் வீட்டுக் குளிர்ப்பெட்டி காய்கறிக்கும் பாலுக்கும் ஏற்ற 5 டிகிரி அளவிலேயே நிற்பதாகையால், அந்தக் குளிரில் ஏல் ஈஸ்ட் உறங்கிவிடும். ஆகவே பெட்டியின் திருகை உச்சக் குளிரில் வைத்துவிட்டு, வெளியே தனியாக ஒரு தெர்மோஸ்டாட்டை இணைத்து, அதன் உணர்முனையைப் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே பஞ்சுப் பட்டை வைத்து மூட வேண்டும். நின்ற கம்ப்ரஸர் சில நிமிஷம் ஓய்ந்த பிறகே மீண்டும் ஓடும்படி அதில் ஏற்பாடு இருப்பது அவசியம். குளிர்காலத்துக்கு, செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகளில் வைக்கும் சிறு குழாய் ஹீட்டர் ஒன்று போதும்.

உஷ்ணத்தை ஆளும் வேலையைத் தெர்மோஸ்டாட் ஏற்றுக்கொள்கிறபடியால், பெட்டியின் வயதோ பெயரோ விலையோ முக்கியமல்ல, உள்ளளவுதான் முக்கியம். ஐஸ் அறை இல்லாத, ஒற்றைக் கதவுள்ள பழைய பெட்டியே உத்தமம் என்பது என் துணிபு. ஏனெனில் ஐஸ் அறையின் சுவர்களிலேயே குளிரூட்டும் வாயு ஓடுவதால், அதை வெட்டியெடுக்க முயன்றவர்கள் பெட்டியையே இழப்பார்கள். அடியில் பின்புறம் கம்ப்ரஸருக்காக எழும்பி நிற்கும் மேடையும், கதவின் உட்புறத்துப் பாட்டில் தட்டுகளும் எவ்வளவு இடத்தைத் தின்கின்றன என்பதை, வாயு வெளியேறும் மூடிக்குழாயோடு சேர்த்துப் பாத்திரத்தின் உயரத்தையும் அளந்துகொண்டுதான் பார்க்க வேண்டும். 23 லிட்டர் பீர் பாத்திரத்தோடு 25 கிலோவுக்குக் குறையாது. கண்ணாடித் தட்டு அதைத் தாங்காது, கனமான பலகை வேண்டும். மேலே திறக்கும் ஃப்ரீஸரில் இரண்டு பாத்திரங்கள் கொள்ளும் என்றாலும், அந்தப் பாரத்தைக் குனிந்து இறக்கி ஏற்றுவது முதுகுக்குத் தீங்கு.

பெட்டியின் சுவரில் துளையிடுவதை மாத்திரம் தவிர்த்துவிடுங்கள்: பிற்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் ஓடுவது தீப்பற்றக்கூடிய ஐஸோபியூட்டேன். உணர்முனையின் மெல்லிய கம்பியைக் கதவின் ரப்பர் விளிம்பு வழியாகவே உள்ளே விட்டுவிடலாம்.