இசைத்தட்டும் அரைச்சுற்றும்

இசைத்தட்டுகளைக் கொண்டே வானொலி நிலையங்கள் பாடல்களை ஒலிபரப்பிய காலத்தில், தட்டை இயக்குபவர் ஒரு வேலையைத் தவறாது செய்து வந்தார். பாட்டின் முதல் ஒலி ஊசியின் கீழ் வரும்வரை தட்டைக் கையால் திருப்புவார். பின்னர் அதனைச் சிறிது பின்னோக்கித் திருப்பி நிறுத்துவார். அவ்வாறு செய்யாவிடின் பாட்டின் தொடக்கம் தாழ்ந்த சுருதியில் இழுபட்டு ஒலிக்கும். ஓய்விலுள்ள தட்டு முழு வேகத்தை அடையச் சிறிது நேரம் வேண்டும் என்பதே காரணம். அப்படியாயின், எவ்வளவு பின்னோக்கித் திருப்புதல் வேண்டும்?

1948ஆம் ஆண்டில் அறிமுகமான நெடுநேர இசைத்தட்டு 3 நிமிடத்தில் 100 முறை சுழல்வது. அதாவது, ஒரு சுற்றுக்கு 1.8 செக்கன். ஓய்விலிருந்து புறப்படும் தட்டொன்று, சீராக வேகம் பெருகி, 1.8 செக்கனில் இவ்வேகத்தை அடைகிறதெனக் கொள்க. அந்நேரத்தில் அது எத்தனை சுற்றுச் சுழன்றிருக்கும்?

ஒரு சுற்று என்று விடை கூறும் மாணாக்கர் பலர். இறுதியில் பெற்ற வேகத்தைத் தொடக்கத்திற்கும் உரியதாகக் கொண்டதே அவர்தம் பிழை. வேகம் சீராகப் பெருகும்போது, தொடக்க வேகத்தையும் இறுதி வேகத்தையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி வேகம் கிடைக்கும். இங்கே தொடக்க வேகம் பூச்சியம். ஆகவே சராசரி, முழு வேகத்தின் பாதி, சுழன்றது அரைச்சுற்று. தட்டைப் பின்னோக்கித் திருப்ப வேண்டிய அளவும் அதுவே.

இதனையே சமன்பாட்டினாலும் சரிபார்க்கலாம். முழுச்சுற்று 6.28 ஆரையன். இறுதிக் கோணவேகம் செக்கனுக்கு 3.49 ஆரையன். அதனை 1.8ஆல் வகுத்தால் கோண ஆர்முடுகல் 1.94. இதன் பாதியை நேரத்தின் வர்க்கமாகிய 3.24ஆல் பெருக்கக் கிடைப்பது 3.14 ஆரையன், அதுவும் அரைச்சுற்றே.

நேர்கோட்டு இயக்கத்தைக் கற்றவருக்கு இச்சமன்பாடு புதியதன்று. தூரத்தின் இடத்தில் கோணமும், வேகத்தின் இடத்தில் கோணவேகமும், ஆர்முடுகலின் இடத்தில் கோண ஆர்முடுகலும் நிற்கின்றன. தொடக்கக் கோணவேகம், இறுதிக் கோணவேகம், கோண ஆர்முடுகல், நேரம், கோணம் ஆகிய ஐந்தில் மூன்று தெரிந்தால் எஞ்சிய இரண்டையும் காணலாம். சுற்றையும் நிமிடத்தையும் முதலில் ஆரையனாகவும் செக்கனாகவும் மாற்றிக்கொண்டால் அலகுக் குழப்பமும் நேராது.

எனினும், கோண ஆர்முடுகல் மாறாதிருக்கும் இடத்திலன்றி இம்முறை செல்லாது. மின்விசிறியின் ஆளியை அணைத்ததும் காற்றின் தடையால் அதன் வேகம் முதலில் விரைந்து குறைகிறது. பின்னர் மெல்லக் குறைகிறது. அங்கே பாதிக் கணக்கைப் பயன்படுத்துபவர் உண்மையில் சுழன்றதைவிடக் கூடுதலான சுற்றுக்களையே விடையாகப் பெறுவர். கணக்கில் பிழை இராது; ஆனால் விடை பிழையாகும். ஆதலால், வினாவில் வேகம் சீராக மாறுகிறதா என்பதை முதலில் ஆராய்ந்து, அதன் பின்னரே மாணாக்கர் சமன்பாட்டை எழுதுதல் வேண்டும்.