முகம் காணா உரையாடல்

நேரில் பேசுகையில் முகக்குறிப்பும் குரலும் சொல்லுக்குத் துணைநிற்கின்றன. இணைய உரையாடலிலோ எழுத்தை மட்டுமே கொண்டு அறிமுகமில்லாதவரின் இயல்பை எடைபோடுகிறோம்.

வேடிக்கையாக எழுதியதை எவரும் மெய்யெனக் கொள்ளாதிருக்க, 1982ஆம் ஆண்டு அமெரிக்கக் கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன் நிறுத்தக்குறிகளால் ஆன புன்னகைக் குறியை முன்மொழிந்தார். அதில் சிரிப்பைக் காட்டுவது வளைந்த வாய். ஜப்பானியரின் குறியிலோ சிரிப்பவை கண்கள். வாய் வெறும் நேர்கோடு. உணர்ச்சியை அறிய அமெரிக்கர் வாயையும் ஜப்பானியர் கண்களையும் மிகுதியாக நோக்குகின்றனர் என 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

சொற்களிலும் இவ்வேறுபாடு உண்டு. சில பண்பாடுகளில் கருத்து சொல்லிலேயே வெளிப்படும். சிலவற்றில் சூழலால் உணரப்படும் என்பதை மானிடவியலறிஞர் எட்வர்டு ஹால் 1976இல் விளக்கினார். ஜெர்மானியர் பொதுவாக, ‘இயலாது’ என நேராக மறுப்பர்; ஜப்பானியர், ‘சற்றுக் கடினம்’ எனக் கூறி நிறுத்துவர். இரண்டும் மறுப்பே. முன்னவரைக் கடுமையானவர் என்றும் பின்னவரை உறுதியற்றவர் என்றும் கருதுவோர், அவர்தம் மொழிமரபைக் குணமெனப் பிழையாகக் கொள்கின்றனர். அப்பிழையால் நல்ல நட்பும் பணிவாய்ப்பும் கைநழுவக்கூடும். எனவே, ஐயம் எழும்போது பொருளை வினவித் தெளிந்த பின்னரே ஒருவரை மதிப்பிடுதல் வேண்டும்.