எல்லையை மாற்ற ஒரு சட்டம் போதும், எல்லையோர மக்களுக்கு?

புது தில்லி: நாட்டின் ஒரு பகுதியை அண்டை நாட்டுக்கு விட்டுக்கொடுக்க வேண்டுமானால் அரசியல் சட்டத்தையே திருத்தியாக வேண்டும். வங்கதேசத்துடன் நிலப்பகுதிகளைப் பரிமாறிக் கொள்வதற்காக 2015-ல் நாடாளுமன்றம் 100-வது திருத்தத்தை நிறைவேற்றியது. ஆனால், நாட்டுக்குள் மாநில எல்லையை மாற்ற, அரசியல் சட்டத்தின் 3-வது பிரிவின்படி சாதாரணப் பெரும்பான்மையுடன் ஒரு சட்டம் இயற்றினால் போதும். சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டப்பேரவையின் கருத்து கேட்கப்படும். ஆனால் அதன் சம்மதம் கட்டாயமில்லை.

அவ்வாறு இயற்றப்பட்ட 1956-ம் ஆண்டின் மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டமே இன்றைய தமிழக - கேரள எல்லையை வகுத்தது. திருவிதாங்கூர் - கொச்சியின் ஒன்பது தாலுகாக்களைத் தமிழர் தரப்பு கோரியது. பசல் அலி ஆணையம் 1955-ல் பரிந்துரைத்தது ஐந்தை மட்டுமே: அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை.

இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளமும் பீர்மேடும், பாலக்காடு மாவட்டத்தின் சித்தூரும் கேரளத்தில் நீடித்தன. தேவிகுளம், பீர்மேட்டில் தமிழர்கள் மிகுந்திருப்பதை ஆணையம் மறுக்கவில்லை. அவர்களில் பலர் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்துசெல்லும் தொழிலாளர்கள் என்பதும், மாநிலத்தின் பொருளாதார நலனும் எதிர்வாதங்களாக நின்றன. சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்த பாலக்காடும் 1956 நவம்பர் 1 முதல் கேரளத்துடன் இணைந்தது.

கோட்டின் மறுபுறம் நின்றுவிட்டவர்களுக்காக அதே ஆண்டில் 7-வது திருத்தம் இரு பாதுகாப்புகளை அளித்தது. 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்கப் பணிக்கிறது. 350-பி பிரிவு, அவர்களின் பாதுகாப்புகளை ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தரும் சிறப்பு அதிகாரியை ஏற்படுத்துகிறது. கேரளமும் தனது 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழர்களும் கன்னடர்களும் அரசுடன் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள இடமளித்தது. கூடலூரிலும் விளவங்கோட்டிலும் வாழும் மலையாளிகளுக்கும் மத்திய அரசின் இதே பாதுகாப்புகள் பொருந்தும்.

எனினும், சட்டத்தின் சொற்களிலேயே பலவீனம் உள்ளது. தாய்மொழிக் கல்விக்கு மாநிலங்கள் 'முயல வேண்டும்' என்பதே 350-ஏ பிரிவின் வாசகம். சிறப்பு அதிகாரியின் அறிக்கைக்குக் காலக்கெடுவை அரசியல் சட்டம் நிர்ணயிக்கவில்லை. அவ்வறிக்கை இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும். விவாதிக்கப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எல்லையை வகுத்தது நாடாளுமன்றம். அந்த எல்லையோரப் பள்ளியில் தமிழாசிரியர் இருக்கிறாரா, அலுவலகத்தில் தமிழ் மனு ஏற்கப்படுகிறதா என்று கேட்கும் பொறுப்பும் அதற்கே உரியது. கேட்பதற்கான வழியாக அந்த அறிக்கை இருக்கிறது. அதை எடுத்து விவாதிக்கத் தனிச் சட்டம் எதுவும் தேவையில்லை.