பாட்டுக்குள் இருந்த ஊர்

இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் ஒரு கிற்றார்க் கலைஞரைப் பற்றிப் பேசுவது சிலருக்குப் புறம்பானதாகத் தோன்றலாம். ஆனால் நாட்டார் கதைப்பாடல் இலக்கியமென்றால், அதைத் தம் விரல்களிலும் குரலிலும் சுமந்து திரிந்தவரும் இலக்கியத்துக்கு உரியவரே. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பின விவசாயத் தொழிலாளி ஜோன் ஹேர்ட் அப்படிப்பட்ட ஒருவர்.

அவர் பிறந்த ஆண்டு 1892 என்பாரும் 1893 என்பாரும் உளர். டியோக் என்ற இடத்திற் பிறந்து, அவலோன் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். ஒன்பது வயதளவில் கிற்றாரைக் கையிலெடுத்தவர் தாமாகவே வாசிக்கப் பழகினார். பகலில் வயல் வேலை, இரவில் ஊரவரின் ஆட்டக் கொண்டாட்டங்களில் வாசிப்பு என்று காலம் போயிற்று.

அவருடைய வாசிப்பைச் சற்று விளக்க வேண்டும். வலது கைப் பெருவிரல் தடித்த தந்திகளை மாறிமாறி, நடை பிசகாமல் மீட்டிக்கொண்டேயிருக்கும். அது தாளம். மற்றை விரல்கள் மெல்லிய தந்திகளிற் பாட்டின் மெட்டை வாசிக்கும். ஆனால் அவை தாளத்தின் மேலே நேராக விழுவதில்லை. சிறிது முந்தியும் பிந்தியும் விழும். கேட்பவருக்கு இரண்டு பேர் வாசிப்பதுபோல இருக்கும். சில இடங்களில் அடியின் கடைசிச் சொற்களைப் பாடாமல் விட்டுவிடுவார். மிகுதியைக் கிற்றார் சொல்லி முடிக்கும். சொல்லாமல் விட்டதைக் கேட்பவன் மனம் நிரப்பிக்கொள்ளும் இந்த உத்தியைச் செய்யுளிலே கண்டு வியக்கிற நாங்கள், இதையும் வியக்கத்தான் வேண்டும். புளூஸ் என்றதும் பலர் எதிர்பார்க்கும் ஓலமும் ஆவேசமும் இவரிடம் இல்லை. கொலை பற்றிய கதைப்பாடலைக்கூட, வாசலில் இருந்து அயலவரோடு கதைப்பதுபோலத் தணிந்த குரலிலேயே பாடுவார்.

அந்தக் காலத்தில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர்களுக்கென ஒரு வரிசையும், வெள்ளைக் கிராமத்தவருக்கென வேறொரு வரிசையும் வைத்து விற்றன. ஊரிலே இசை அப்படிப் பிரிந்திருக்கவில்லை. வில்லி நார்மர் என்ற வெள்ளையின வயலின் கலைஞரோடு ஹேர்ட் சேர்ந்து வாசித்ததுண்டு. ஓகே நிறுவனத்தாரிடம் ஹேர்ட்டின் பெயரைச் சொன்னவரும் நார்மரே. 1928 பெப்ரவரியில் மெம்பிஸ் நகரிலும், அதே ஆண்டு டிசம்பரில் நியூயோர்க்கிலும் ஒலிப்பதிவு நடந்தது. விற்பனைக்காக அவர் பெயருக்கு முன்னே 'மிசிசிப்பி' என்று ஒட்டியதும் அந்நிறுவனமே. நியூயோர்க்கில் ஊர் நினைவு வாட்ட, 'அவலோன் புளூஸ்' என்றொரு பாடலைப் பாடி வைத்தார். அவலோன் தன் ஊர் என்று அதிலே சொல்லியிருந்தார்.

இசைத்தட்டுக்கள் அதிகம் விற்கவில்லை. 1929இற் பொருளாதாரமும் சரிந்தது. ஹேர்ட் அவலோனுக்குத் திரும்பி வயல் வேலை பார்த்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் வெளியுலகம் அவரை மறந்திருந்தது.

1952இல் ஹரி ஸ்மித் என்பவர் பழைய இசைத்தட்டுக்களிலிருந்து 84 பாடல்களைத் தேர்ந்து ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதிலே ஹேர்ட்டின் இரண்டு பாடல்கள் இருந்தன. 'ஃபிராங்கி' ஒரு கொலைக் கதைப்பாடல்; மற்றையது, இருப்புப் பாதை வேலையாளான ஜோன் ஹென்றியின் கதையோடு தொடர்புடைய ஒரு தொழிற்பாடல். நகரத்து இளைஞர்கள் அவற்றைக் கேட்டு அந்த விரல்களைப் பின்பற்ற முயன்றார்கள். பாடியவர் இறந்துபோயிருப்பார் என்றே பலர் எண்ணினர்.

அவர்களில் ரொம் ஹொஸ்கின்ஸ் என்ற இளைஞரின் காதில் 'அவலோன் புளூஸ்' விழுந்தது. புதிய நிலப்படங்களில் அந்த ஊரைக் காணவில்லை. பழையதொன்றிலே, கிறீன்வுட்டுக்கும் கிரெனாடாவுக்கும் இடையில் அது இருந்தது. 1963இல் அவர் அங்கே போய் விசாரித்தார். ஹேர்ட் வீட்டிலேயே இருந்தார்!

இந்தச் சந்திப்பைச் சுவையான கதையாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சிரிக்க வருவதில்லை. வந்த வெள்ளை இளைஞரை அரசாங்கப் புலனாய்வாளர் என்று கிழவர் நினைத்து அஞ்சியதாகச் சொல்வார்கள். அந்த அச்சம் வேடிக்கையானதல்ல. நிற ஒதுக்கல் சட்டமாகவும் வழக்கமாகவும் நிலவிய மாநிலம் அது. அதே ஆண்டு ஜூனில், கறுப்பர்களின் உரிமைக்காக உழைத்த மெட்கர் எவர்ஸ் மிசிசிப்பியின் ஜக்சன் நகரிலே தம் வீட்டு முன்றலிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்படியான காலத்தில், அறிமுகமில்லாத வெள்ளையர் ஒருவர் கறுப்பர் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன நினைப்பார்கள்?

இதை ஹேர்ட் 'மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டார்' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் தொலைந்து போகவில்லை. தன் ஊரிலேயே இருந்தார். அவருடைய முகவரி பாட்டிலேயே இருந்தது. தேடியவர்கள்தாம் பிந்தி வந்தார்கள். அப்போது அவரிடம் சொந்தமாக ஒரு கிற்றார்கூட இருக்கவில்லை. ஹொஸ்கின்ஸின் கிற்றாரையே வாங்கி வாசித்துக் காட்டினார்.

1963 ஜூலையில் நியூபோர்ட் நாட்டாரிசை விழாவில், எழுபது வயதளவில், மேடையேறினார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவர் பாடல்களை ஒலிப்பதிவு செய்தது. வொஷிங்டன் முதலிய நகரங்களின் கோப்பிக் கடைகளில் இளைஞர்கள் அவரைச் சுற்றியிருந்து கேட்டார்கள். அவருடைய பாட்டொன்றிலிருந்து ஓர் இளைஞர் இசைக்குழு தன் பெயரையே எடுத்துக்கொண்டது. ஆனால் இவையெல்லாம் மூன்றே ஆண்டுகள். கடைசியில் மிசிசிப்பிக்கே திரும்பி, 1966 நவம்பர் 2ஆம் திகதி கிரெனாடாவிற் காலமானார்.

1928ஆம் ஆண்டுப் பதிவையும் அறுபதுகளில் அவர் பாடியதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். குரலிலே முதுமை ஏறியிருக்கும். பெருவிரலின் நடை மட்டும் அப்படியே இருக்கிறது.