மகளும் பங்காளியே: வீட்டுச் சொத்தில் பெண்களின் உரிமை

தமிழில் ‘பங்காளி’ என்றொரு சொல் உண்டு. பங்கை ஆள்பவன் பங்காளி. அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா மக்கள் எல்லாம் பங்காளிகள். உடன்பிறந்த அக்கா தங்கையை யாரும் பங்காளி என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லுக்குப் பெண்பாலே கிடையாது. பெண்ணுக்குப் ‘பிறந்த வீடு’ உண்டு, ‘புகுந்த வீடு’ உண்டு. இரண்டிலும் பத்திரம் வேறொருவர் பெயரில் இருக்கும்.

சொல் மாறாவிட்டாலும் சட்டம் மாறிவிட்டது. ஊரை விட்டு வந்து மும்பை, டில்லி, பெங்களூரு, கொல்கத்தா என்று குடியேறியுள்ள நம் குடும்பங்களில் பலருக்கு வந்தவாசிப் பக்கமோ, கும்பகோணத்திலோ, நெல்லைச் சீமையிலோ ஒரு பூர்வீக வீடும் கொஞ்சம் நிலமும் இருக்கின்றன. அவற்றில் மகளுக்கு என்ன உரிமை, அந்த உரிமை எந்த இடத்தில் கைநழுவிப் போகிறது என்பதை இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

பழைய வழி

கல்யாணிச் சாளுக்கியர் காலத்தில் விஞ்ஞானேசுவரர் எழுதிய மிதாக்ஷரம் என்னும் உரைநூலே நம் நாட்டின் பெரும்பகுதியில் சொத்துரிமைக்கு அடிப்படையாக இருந்தது. அதன்படி பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே உரிமை. மகளுக்கு அது இல்லை. சீரும் நகையும் சீதனமாக வந்தால் உண்டு, மண் இல்லை.

சமணர்களாகிய எங்கள் நீதி நூல்கள் கொஞ்சம் வேறுபட்டவை. பத்ரபாகு சம்ஹிதை, அர்ஹன் நீதி முதலியவற்றில் கணவனுக்குப் பின் மனைவிக்குப் பெரிய இடம் உண்டு. பிள்ளையில்லாத சமண விதவைக்குக் கணவன் தானே சம்பாதித்த சொத்தில் முழு உரிமை உண்டு என்று வடநாட்டு அகர்வால் சமணர் வழக்கொன்றில் 1878-இல் லண்டன் பிரிவி கவுன்சிலே ஒப்புக்கொண்டது. ஆனாலும் மகளுக்கு மகனோடு சமபங்கு என்று எங்கள் நூல்களிலும் இல்லை. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் இந்துக்கள், சமணர், பௌத்தர், சீக்கியர் எல்லோருக்கும் பொது. 2014-இல் சமணர்களுக்கு மத்திய அரசு சிறுபான்மைத் தகுதி தந்தது. ‘அப்போ நமக்கு இந்தச் சட்டம் இல்லையே’ என்று சிலர் கேட்கிறார்கள். அந்தத் தகுதி வேறு, வாரிசுரிமை வேறு. சட்டம் நமக்கும் அப்படியே பொருந்தும்.

சட்டம் மாறிய படிகள்

செங்கல்பட்டில் 1929-இல் நடந்த முதல் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது சட்டமாக அறுபது வருஷம் ஆயிற்று. ஆந்திரம் 1986-இல் வழிகாட்டியது. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் மகளும் பிறப்பால் பங்குதாரர் ஆனாள். ஆனால் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் 1994-இல் இதே போலச் செய்தன.

9.9.2005 முதல் நாடு முழுவதற்கும் ஒரே விதி. கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்ற பேதம் போயிற்று. முன்பு இன்னொரு தடையும் இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாமாகப் பிரித்துக்கொள்ளும் வரை பெண் பங்கு கேட்க முடியாது. அந்த 23-ஆம் பிரிவையும் 2005-இல் நீக்கிவிட்டார்கள். 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்ததையும் விற்றதையும் மட்டும் கிளற முடியாது. ‘2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா?’ என்ற சந்தேகத்துக்கும் உச்சநீதிமன்றம் 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் முடிவு கட்டியது: தேவையில்லை, மகளுக்கு உரிமை பிறப்பால் வருவது.

பதினாறு அணாக் கணக்கு

வியாபாரிக்குக் கணக்காகச் சொன்னால்தான் புரியும். தாய், தந்தை, ஒரு மகன், இரண்டு மகள்கள் உள்ள குடும்பம். பூர்வீகச் சொத்து பதினாறு அணா என்று வைத்துக்கொள்வோம். தந்தை உயில் எழுதாமல் காலமாகிறார்.

பழைய முறையில் தந்தைக்கு 8, மகனுக்கு 8. தந்தையின் 8 அணா நான்கு பேருக்கும் இரண்டிரண்டாகப் பிரியும். ஆக மகனுக்கு 10, மகள்களுக்கு 2, 2, தாய்க்கு 2.

இப்போதைய முறையில் தந்தை, மகன், இரு மகள்கள் ஆகிய நால்வருக்கும் நந்நான்கு. தந்தையின் 4 அணா நான்கு பேருக்கும் ஒவ்வொன்றாகப் பிரியும். ஆக மகனுக்கு 5, மகள்களுக்கு 5, 5, தாய்க்கு 1.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகள் பங்கு ஏறியபோது தாயின் பங்கு 2 அணாவிலிருந்து 1 அணாவாக இறங்கிவிட்டது. தென்னாட்டு வழக்கில் பாகப்பிரிவினையின்போது மனைவிக்குத் தனிப்பங்கு இல்லாததே காரணம். ஆகவே கணவன்மார் உயில் எழுதும்போது மனைவியை முதலில் நினைக்க வேண்டும்.

இந்தக் கணக்கு பூர்வீகச் சொத்துக்கு மட்டும். தந்தை தானே சம்பாதித்த வீட்டை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எழுதாமல் போனால் மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் இருந்தால் அவர், எல்லோருக்கும் சமம்.

உரிமை எங்கே நழுவுகிறது?

சட்டம் கொடுத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நாமே வாங்கிக்கொள்கிறோம். அதன் பெயர் விடுதலைப் பத்திரம்.

நடப்பது இதுதான். ஊர் வீட்டை விற்க வேண்டி வருகிறது. வாரிசுச் சான்றிதழில் மகள் பெயரும் இருக்கிறது. வாங்குபவரின் வக்கீல் பெண்களின் கையெழுத்து இல்லாமல் ஒப்ப மாட்டேன் என்கிறார். அப்போதுதான் தங்கைக்குப் போன் போகிறது: “ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா.” வர முடியாவிட்டால், “ஒரு பவர் அனுப்பிடு.” வீடு என்ன விலைக்குப் போகிறது, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளும் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை. கேட்டால் தாய் வீட்டு வாசல் அடைத்துவிடுமோ என்ற பயம். புகுந்த வீட்டில் ஒன்றென்றால் ஓடி வர அண்ணன் வேண்டுமே!

‘கல்யாணத்துக்குச் செய்தோமே, அதுதான் அவள் பங்கு’ என்பார்கள். சீர் செய்தது சட்டப்படி பாகம் ஆகாது. நகை அவசரத்துக்கு அடகுக்கடைக்குப் போகும், பாத்திரம் தேயும், விருந்துச் செலவு அன்றே தீரும். மகனுக்குப் போன மனையோ வருஷா வருஷம் விலை ஏறும். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

வீடு என்பது வெறும் முதல் அல்ல

திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொருளியல் அறிஞர் பீனா அகர்வாலும் பிரதீப் பாண்டாவும் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. வீடோ நிலமோ இல்லாத மனைவியரில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். நிலம் மட்டும் உள்ளவர்களில் 18, வீடு மட்டும் உள்ளவர்களில் 10, இரண்டும் உள்ளவர்களில் 7 சதவீதம். தனக்கென்று ஒரு கூரை உள்ளவளிடம் கை ஓங்கத் தயங்குகிறார்கள் என்பதே இதன் பொருள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் புகுந்த வீட்டில் ‘வசிக்க’ உரிமை தருகிறது. வசிப்பது வேறு, உடைமை வேறு.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தனியாகவோ கூட்டாகவோ வீடு அல்லது நிலம் உள்ள பெண்கள் 43.3 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், சாகுபடி நிலங்களைத் தம் பொறுப்பில் வைத்திருப்போரில் பெண்கள் சுமார் 14 சதவீதமே.

பெண்ணின் சொத்து யாருக்கு?

பலர் அறியாத ஒன்று, 15-ஆம் பிரிவு. உயில் எழுதாமல் இறக்கும் பெண்ணுக்குப் பிள்ளையும் கணவனும் இல்லையென்றால், அவள் உழைத்துச் சேர்த்தது கணவனின் வாரிசுகளுக்கே முதலில் போகும். பெற்ற தாய்க்கு அதற்குப் பிறகுதான். கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டை விட்டு அனுப்பப்பட்டு, தாய் வீட்டில் படித்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் சேமிப்பு, அவள் கணவனின் சகோதரி மக்களுக்கே உரியது என்று 2009-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் சட்டப்படி நடந்தார்கள்; அவள் ஓர் உயில் எழுதியிருந்தால் இது நேர்ந்திராது. பெற்றோர் வழி வந்த சொத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. பிள்ளைகள் இல்லையென்றால் அது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும்.

செய்ய வேண்டியவை

ஊர்ச் சொத்துக்கு வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் எடுத்து, குடும்பத்தில் எல்லோரும், பெண்கள் உட்பட, பார்க்கும்படி வையுங்கள். மகளிடம் கையெழுத்துக் கேட்குமுன் மதிப்பைச் சொல்லுங்கள். அவள் படித்துப் பார்க்க இரண்டு நாள் கொடுங்கள். அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவள் பெருமை. தெரியாமல் விட்டுக்கொடுத்தால் அது நம் குறை. பங்கை நிலமாகத் தர முடியாவிட்டால் பணமாகத் தந்து, அதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

புது வீடு வாங்கும்போது மனைவி பெயரையும் சேருங்கள். டில்லியில் பெண் வாங்கினால் முத்திரைத் தீர்வை ஆண்களைவிட 2 சதவீதம் குறைவு. மகாராஷ்டிரத்தில் 2021 முதல் குடியிருப்பு வீடுகளுக்கு 1 சதவீதம் குறைவு. தமிழ்நாட்டில் 1.4.2025 முதல் 10 லட்ச ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சலுகைக்காகப் பெயர் போட்டுவிட்டுப் பத்திரத்தைப் பூட்டி வைத்தால் பயனில்லை. அது எந்த அலமாரியில் இருக்கிறதென்று அவளுக்கும் தெரிய வேண்டும்.

போளூரை அடுத்த திருமலையில் ராஜராஜனின் தமக்கை பெயரால் குந்தவை ஜினாலயம் இன்றும் நிற்கிறது. கோயில் எடுப்பிக்கப் பொருள் தன் கையில் இருந்ததால் அவர் பெயர் ஆயிரம் ஆண்டு நிலைத்தது. நம் வீட்டுப் பெண்ணுக்கு அவ்வளவு வேண்டாம். அவளுக்குச் சேர வேண்டிய ஐந்தணாவை அவள் கேட்குமுன் எடுத்து வைப்போம்.