ஆள் பார்க்க ஒல்லி, ரத்தத்தில் சர்க்கரை!

வெள்ளைக்காரனுக்குப் போட்ட அளவு நமக்குச் சரிவராது

கோரிமேடு,

"நான் என்ன குண்டா? எனக்கு எப்படிய்யா சர்க்கரை வரும்?"

இப்படிக் கேட்கும் ஒல்லி ஆசாமிகளுக்குப் புதுவையில் பஞ்சமில்லை. கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிப் பக்கம் பஸ்சில் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளியானது. நாடு முழுக்கப் பார்த்தால், பெரியவர்களில் 100-க்கு 11 பேருக்குச் சர்க்கரை நோய். புதுவையில் 26 பேருக்கு! கோவாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான்.

ஒரே எடை, வேறு உடம்பு

எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் கணக்கில், 25-ஐத் தாண்டினால் அதிக எடை என்பது உலகக் கணக்கு. பெரும்பாலும் வெள்ளையர்களின் உடம்பை ஆராய்ந்து வைத்த அளவு அது.

புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்கள் உடம்பையே சோதித்தார்கள். இருவருக்கும் கணக்கு ஒன்றுதான்: 22.3. ஆனால் கொழுப்பு? வெள்ளைக்காரருக்கு 9 சதவீதம், நம்மவருக்கு 21 சதவீதம்! இது 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது.

நம் ஆட்களுக்குக் கை, கால் மெலிந்திருக்கும். கொழுப்பு வயிற்றுக்குள் போய்ச் சேரும். அது இன்சுலினை வேலை செய்ய விடாது.

தமிழர்கள் வாழும் சிங்கப்பூர் 2005-லேயே அளவைக் குறைத்துவிட்டது. இந்திய டாக்டர்களும் 2009-ல் 23-ஐத் தாண்டினாலே உஷார் என்றார்கள். 5 அடி 5 அங்குல உயரத்துக்கு 65 கிலோ இருந்தால் கணக்கு 24 வரும். வெள்ளைக்காரன் அளவில் 'சரி'. நம் அளவில் 'கூடுதல்'!

டேப் எடுங்க

தையல்கார டேப் போதும். பேண்ட் சைஸை நம்பாதீர்கள். அது வயிற்றுக்குக் கீழே நிற்கிறது. விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் ஆபத்து.

30 வயது ஆகிவிட்டதா? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் சர்க்கரை பார்க்கலாம். ஆரம்பத்தில் தெரிந்தால் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமே பலரைக் காப்பாற்றும். தெரியாமல் விட்டால் கண், சிறுநீரகம், கால் என்று ஒவ்வொன்றாகக் கை வைக்கும்.

வெள்ளைக்காரன் 1954-ல் புதுவையை விட்டுப் போய்விட்டான். அவன் உடம்புக்குப் போட்ட அளவை நாம் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?