கண்ணுக்கு இட்ட சுர்மா ‘ஆல்கஹால்’ ஆன கதை

சில மாதங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஹவுள் அருகே நின்றுகொண்டிருந்தோம். ஒரு சகோதரர் தயங்கித் தயங்கி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு லோஷன் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

“ஹஜ்ரத், வீட்டுல அவங்களுக்குத் தோல் வறண்டு வெடிக்குது. டாக்டர் எழுதிக் கொடுத்த லோஷன் இது. மூணு மாசமா தேய்ச்சுக்கிட்டு வர்றாங்க. நேத்து மகன் படிச்சுப் பார்த்துட்டு ஆல்கஹால் இருக்குங்கிறான். அதைத் தேய்ச்சுக்கிட்டு தொழுத தொழுகையெல்லாம் என்ன ஆகும்? அவங்க ராத்திரி முழுக்க அழுதுட்டாங்க.”

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தோம். பொருட்பட்டியலில் ‘சீட்டைல் ஆல்கஹால்’, ‘ஸ்டியரில் ஆல்கஹால்’ என்று இரண்டு பெயர்கள் இருந்தன. மகன் படித்தது சரிதான். ஆனால் அவர் புரிந்துகொண்டது சரியல்ல.

அதே வாரம் நமது வாட்ஸ்அப்பிற்கு ஒரு செய்தியும் வந்தது. ஆல்கஹால் என்ற சொல் குர்ஆனில் வரும் ‘கவ்ல்’ என்ற சொல்லிலிருந்து பிறந்ததாம். மனிதனைத் தின்னும் பிசாசு என்பது அதன் பொருளாம். பலரும் அதைப் பகிர்ந்திருந்தார்கள்.

இந்த இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. ஆல்கஹால் என்ற சொல் எங்கே பிறந்தது, எதையெல்லாம் குறித்தது என்று தெரிந்துகொண்டால், அந்தச் சகோதரியின் கண்ணீருக்கும் அவசியமில்லை, அந்த வாட்ஸ்அப் செய்திக்கும் அவசியமில்லை.

கண்ணுக்கு இடும் தூள்

அரபியில் ‘குஹ்ல்’ என்றால் கண்ணுக்கு இடும் கருந்தூள். நாம் சுர்மா என்கிறோமே, அதுதான். ‘அல்’ என்ற முன்னொட்டைச் சேர்த்தால் ‘அல்குஹ்ல்’. ஆல்கஹாலின் பூர்வீகப் பெயர் இதுவே.

கனிமக் கல்லை இடித்து, அரைத்து, சலித்து, விரலால் தேய்த்தால் துகளே தட்டுப்படாத அளவுக்கு மென்மையாக்குவார்கள். இமை ஓரத்தில் மெல்லிய குச்சியால் இடுவார்கள். அது அழகுக்கும் ஆனது, மருந்துக்கும் ஆனது. இஸ்மித் என்னும் சுர்மாக் கல்லை நபி (ஸல்) அவர்கள் பரிந்துரைத்ததையும், அது பார்வையைத் தெளிவாக்கும், இமை முடியை வளர்க்கும் என்று கூறியதையும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக திர்மிதி, அபூதாவூத் ஆகிய நூல்களில் காண்கிறோம். கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் பெண் குஹ்ல் இட வேண்டாம் என்ற ஹதீஸும் உண்டு. அக்காலத்தில் அது அலங்காரப் பொருளாகவும் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. நம் தமிழிலும் கண்மைக்கு அஞ்சனம் என்று பெயர். அந்தக் கல்லை அஞ்சனக்கல் என்பார்கள்.

அரபு மருத்துவத்தில் இந்தச் சொல் இன்னும் உயர்ந்த இடத்தைப் பிடித்தது. கண் மருத்துவருக்கே ‘கஹ்ஹால்’ என்று பெயர். பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா அல்கஹ்ஹால் எழுதிய கண் மருத்துவ நூல் பல நூற்றாண்டுகள் ஆதார நூலாக இருந்தது, லத்தீனிலும் பெயர்க்கப்பட்டது. ஆக, அந்தக் காலத்தில் ஆல்கஹால் என்றால் பார்வைக்குத் துணை நிற்கும் பொருள். இன்று அறிவை மயக்கும் பொருள். சொல் அதேதான். வந்த வழிதான் நீளமானது.

ஐரோப்பாவுக்குப் போன பயணம்

ஸ்பெயினில் முஸ்லிம்கள் ஆண்ட நூற்றாண்டுகளில் அரபுச் சொற்கள் பல, ‘அல்’ என்ற முன்னொட்டோடு சேர்ந்தே ஐரோப்பிய மொழிகளுக்குள் போயின. அல்ஜிப்ரா, அல்கலி எல்லாம் அப்படிப் போனவையே. அல்குஹ்லும் அதே வழியில் போனது. இன்றைக்கும் ஸ்பானிஷ் அகராதியைத் திறந்தால், ஆல்கஹால் என்ற சொல்லுக்குப் போதை திரவம் என்ற பொருளோடு கண்ணுக்கு இடும் கருந்தூள் என்ற பொருளும் இருக்கும். கண்ணுக்கு மை தீட்டுவதைக் குறிக்கும் ‘அல்கோஹோலார்’ என்ற வினைச்சொல்லும் அங்கே உண்டு.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் நுழைந்தது 16ஆம் நூற்றாண்டில். 1543இல் வெளியான ஓர் அறுவை மருத்துவ மொழிபெயர்ப்பு நூலில், மிக மென்மையான தூள் என்ற பொருளில் அது காணப்படுகிறது. 1615இல் ஜார்ஜ் சாண்டிஸ் என்ற ஆங்கிலேயப் பயணி தமது கிழக்கத்திய பயண நூலில், அங்குள்ள பெண்கள் கண்ணில் இடும் கருந்தூளுக்கு இந்தப் பெயரையே எழுதுகிறார். ஷேக்ஸ்பியர் வாழ்ந்த காலத்து ஆங்கிலேயருக்கு ஆல்கஹால் என்றால் ஒரு தூள். குடிக்கும் பொருள் அல்ல.

பிறகு எப்படி மாறியது? படிப்படியாகத்தான்.

முதலில், கண்ணுக்கு இடும் தூள் என்பது, எதையும் அப்படி நுண்மையாக்கிய தூள் என்று விரிந்தது. இரசவாதிகள் ஒரு பொருளைச் சூடாக்கி ஆவியாக்கி, மறுபடி படியவைத்து எடுத்த தூய தூளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். அடுத்து, தூள் என்ற எண்ணம் பின்னுக்குப் போய், கசடு நீக்கி எடுத்த சாரம் என்ற எண்ணம் முன்னுக்கு வந்தது. கல்லைச் சலித்தால் நுண்தூள் கிடைப்பதுபோல, திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்தால் அதன் சாரம் கிடைக்கிறது அல்லவா? 1541இல் இறந்த பாராசெல்சஸ் என்ற மருத்துவர், வடித்தெடுத்த அந்தத் திரவத்தை ‘ஆல்கஹால் வைனி’, அதாவது மதுவின் சாரம் என்று அழைத்தார். காலப்போக்கில் ‘வைனி’ உதிர்ந்தது. ‘ஆல்கஹால்’ மட்டும் தங்கிவிட்டது.

கல்லூரியில் இலக்கியம் படித்த நாட்களில் சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு ஆங்கில அகராதியைப் புரட்டியபோது இந்தச் சொல்லில் நமது கண் நின்றது நினைவிருக்கிறது. அரபுச் சொல் என்று குறிப்பிட்டுவிட்டு, நன்கு வடித்த மதுச்சாரம் என்றும், தொட்டால் தெரியாத நுண்தூள் என்றும் இரண்டு பொருளையும் அவர் தருகிறார். மதரஸாவில் ஹதீஸ் பாடத்தில் படித்த குஹ்ல், அங்கே ஆங்கில அகராதியில் மதுவோடு ஒரே வரியில் உட்கார்ந்திருந்தது! அதற்குப் பிறகு தூள் என்ற பொருள் மெல்ல மறைந்துபோனது.

மீண்டும் தோலுக்குத் திரும்பியது

பயணம் அத்தோடு முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வேதியியல் அறிஞர்கள், மதுவில் உள்ள எத்தனால் போன்ற மூலக்கூறு அமைப்பு கொண்ட வேறு பல பொருட்களும் இருப்பதைக் கண்டார்கள். பிரான்ஸ் நாட்டு செவ்ரல், திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுக்கும் மெழுகிலிருந்து ஒரு வெண்ணிறப் பொருளைப் பிரித்தெடுத்திருந்தார். 1830களில் டூமா, பெலிகோ என்ற இரு அறிஞர்கள் அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்று காட்டினார்கள். அதுதான் சீட்டைல் ஆல்கஹால். திமிங்கலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது ‘சீட்டைல்’.

இப்படி ஆல்கஹால் என்பது ஒரு பொருளின் பெயர் என்ற நிலையிலிருந்து ஒரு குடும்பத்தின் பெயராகிவிட்டது. கரிமத்தோடு இணைந்த ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி ஒன்று குறிப்பிட்ட விதத்தில் அமைந்திருந்தால் வேதியியலில் அது ஆல்கஹால். அந்தக் கணக்கில் கிளிசரின் ஓர் ஆல்கஹால். தைலத்தில் குளிர்ச்சி தரும் மெந்தால் ஓர் ஆல்கஹால். வைட்டமின் ஏ எனப்படும் ரெட்டினால் ஓர் ஆல்கஹால். நம் ஒவ்வொருவர் உடம்பிலும் அல்லாஹ் வைத்திருக்கும் கொலஸ்டிராலும் ஓர் ஆல்கஹாலே! இவற்றில் எதையும் மது என்று யாரும் சொல்வதில்லை.

சகோதரர் காட்டிய லோஷனில் இருந்த சீட்டைல், ஸ்டியரில் இரண்டும் கொழுப்பு வகை ஆல்கஹால்கள். பார்க்க மெழுகுச் சீவல்போல் இருக்கும். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கவும், தோலின் ஈரம் காக்கவும் லோஷனில் சேர்க்கிறார்கள். அவற்றுக்குப் போதை தரும் தன்மை கிடையாது. இப்போது பெரும்பாலும் பனை எண்ணெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றிலிருந்து தயாராகின்றன. விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்க முடியும் என்பதால், அதன் மூலம் எது என்று தயாரிப்பாளரிடம் கேட்பது பேணுதல். ஆனால் அது வேறு கேள்வி. மது பற்றிய கேள்வி அல்ல.

கண்ணிமைக்கு இடும் தூளாகப் புறப்பட்ட சொல், மதுப் புட்டியைச் சுற்றிவிட்டு, தோலுக்குத் தேய்க்கும் லோஷனில் மறுபடி வந்து நிற்கிறது. இடையில் வந்த பொருள் மட்டுமே நம் மனதில் தங்கியிருப்பதால் நாம் பதறுகிறோம்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று எழுதிய பாட்டிலிலும் சீட்டைல் ஆல்கஹால் இருக்கலாம். எத்தனால் இல்லை என்பதே அந்த வாசகத்தின் பொருள் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமே விளக்கியிருக்கிறது. பட்டியலில் முன்னால் எதுவும் சேராமல் வெறும் ‘ஆல்கஹால்’ என்றோ, ‘ஆல்கஹால் டீனாட்’ என்றோ, ‘எத்தனால்’ என்றோ இருந்தால்தான் அது மதுவில் உள்ள அந்தப் பொருள். ‘டீனாட்’ என்றால் குடிக்க முடியாதபடி வேறு பொருள் கலந்தது என்று அர்த்தம். வாசனைத் திரவியங்களிலும் கை சுத்திகரிப்புத் திரவங்களிலும் இருப்பது இதுவே.

இதை வெளிப்பூச்சாகப் பயன்படுத்துவதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. போதை தரும் திரவம் அனைத்தும் நஜீஸ் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. திராட்சை, பேரீச்சை இவற்றிலிருந்து எடுத்ததற்கும் மற்றவற்றுக்கும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வேறுபாடு காட்டுகிறார்கள். அதன் அடிப்படையில் இக்கால ஹனஃபி அறிஞர்கள் பலர் அனுமதிக்கிறார்கள். அவரவர் மஹல்லாவின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவதே நல்லது.

கவ்ல் வேறு, குஹ்ல் வேறு

இனி வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். ஸாஃப்பாத் அத்தியாயத்தின் 47ஆம் வசனத்தில், சொர்க்கத்தின் பானத்தில் ‘கவ்ல்’ இருக்காது என்று அல்லாஹ் கூறுகிறான். தலைவலி, கேடு, அறிவை அழிக்கும் தன்மை என்று விரிவுரையாளர்கள் இதற்குப் பொருள் தருகிறார்கள். அதன் மூல எழுத்துக்கள் கைன், வாவ், லாம். குஹ்லின் மூல எழுத்துக்கள் காஃப், ஹா, லாம். இரண்டும் வெவ்வேறு வேர்கள். ஐரோப்பிய நூல்களில் இந்தச் சொல் முதலில் குறித்ததோ தூளை, பானத்தை அல்ல. இன்று அரபு நாடுகளில் ஆல்கஹாலைப் பொதுவாக ‘குஹூல்’ என்கிறார்கள். அங்கிருந்து போன சொல், புதுப் பொருளைச் சுமந்துகொண்டு தாய்வீடு திரும்பியிருக்கிறது.

நல்ல நோக்கத்தில்தானே பகிர்கிறோம் என்று சிலர் கேட்கலாம். மதுவை ஹராமாக்க மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம் போதும். போதை தரும் ஒவ்வொன்றும் மதுவே என்ற நபிமொழி போதும். இவ்வளவு உறுதியான அஸ்திவாரத்துக்கு ஆதாரமில்லாத சொல்விளக்கத்தை முட்டுக் கொடுக்கத் தேவையில்லை. நாளை அந்த முட்டு பொய் என்று நம் பிள்ளைகள் கண்டுபிடித்தால், அஸ்திவாரத்தையே சந்தேகிப்பார்கள். அந்தப் பாவம் பகிர்ந்தவரையும் சேரும்.

பெயருக்கல்ல, பொருளுக்கே சட்டம்

மார்க்கச் சட்டம் பெயரைப் பார்ப்பதில்லை. பெயருக்குள் இருக்கும் பொருளைப் பார்க்கிறது. என் சமுதாயத்தில் சிலர் மதுவுக்கு வேறு பெயர் சூட்டிக் குடிப்பார்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது அபூதாவூத் நூலில் பதிவாகியிருக்கிறது. பெயரை மாற்றுவதால் ஹராம் ஹலாலாகாது. அதேபோல, ஹராமான ஒன்றின் பெயரைத் தற்செயலாகத் தாங்கி நிற்பதால் ஹலாலான பொருள் ஹராமாகிவிடாது.

இந்த அளவுகோலை சுர்மாவுக்கும் வைக்க வேண்டும். கடைகளில் சுர்மா, இஸ்மித் என்ற பெயரில் விற்கப்படும் தூள்களில் சிலவற்றில் இருப்பது ஈயம் கலந்த கலீனா என்னும் கனிமம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. குழந்தை கண்ணைக் கசக்கி, அந்த விரலை வாயில் வைக்கும். சுன்னத்தான பெயர் இருக்கிறது என்பதற்காக டப்பாவுக்குள் இருப்பதெல்லாம் சுன்னத்தாகிவிடாது. பரிசோதிக்கப்படாத சுர்மாவைக் குழந்தைகளின் கண்ணில் இடாதீர்கள்.

அன்று அந்தச் சகோதரரிடம் இவ்வளவையும் சொல்ல நேரமில்லை. “வீட்டில் சொல்லுங்கள், அது மெழுகு, மது அல்ல. தொழுகைக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்தை நிறுத்த வேண்டாம்” என்று மட்டும் சொன்னோம். அவர் அங்கேயே நின்று போனில் மனைவியை அழைத்தார். பேசி முடித்து, “மகன்கிட்ட என்ன சொல்ல?” என்றார். “அவரைத் திட்டாதீர்கள். படித்துப் பார்த்தாரே, அது நல்ல பழக்கம். அடுத்த வரியையும் படிக்கச் சொல்லுங்கள்” என்றோம்.

பொருளறிந்து பேணுதலோடு வாழும் நற்பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.